கிளியரன்ஸ் நேர்காணலில் பழைய கைதைச் சொல்வதா, மறைப்பதா?

கேள்வி: வர்ஜீனியாவில் ராணுவ ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். 2015-இல் மேரிலாந்தில் குடித்துவிட்டுக் கார் ஓட்டிக் கைதானேன். நீதிபதி ‘ப்ரொபேஷன் பிஃபோர் ஜட்ஜ்மென்ட்’ கொடுத்தார், அதாவது தண்டனைத் தீர்ப்பைப் பதிவு செய்யாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார். 2019-இல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. போன மாதம் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கான (அரசு ரகசியங்களைக் கையாளும் அனுமதி) எஸ்.எஃப்-86 படிவம் நிரப்பினேன். தண்டனையே இல்லையே என்று உடன் வேலை செய்பவர் சொன்னார். மது வழக்கு பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டுவிட்டேன். அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வருகிறார். மனைவிக்கும் விஷயம் தெரியாது. பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. அந்த 2015 இரவைவிட, போன மாதம் நீங்கள் போட்ட ‘இல்லை’தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

தண்டனை பெற்றீர்களா என்பதோடு படிவம் நிற்கவில்லை. மது அல்லது போதைப்பொருள் தொடர்பாக எப்போதாவது உங்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டதா என்று 22-ஆம் பகுதி கேட்கிறது. மற்ற பல கேள்விகளுக்கு உள்ள ஏழு ஆண்டு வரம்பு இதற்குக் கிடையாது. மேரிலாந்து நீதிபதி தண்டனைத் தீர்ப்பை நிறுத்தி வைத்தார். குற்றச்சாட்டு இல்லாமல் போய்விடவில்லை.

2017 ஜூனிலிருந்து நடப்பில் இருக்கும் கிளியரன்ஸ் தகுதி விதிகளில் மதுவுக்கு ‘ஜி’ பிரிவு, நேர்மைக்கு ‘இ’ பிரிவு. ஒரே ஒரு டி.யு.ஐ. (குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கு), நீண்ட காலத்துக்கு முன் நடந்தது, அதன்பின் இன்னொன்று இல்லை என்றால் ‘ஜி’யைத் தாண்ட நல்ல வாய்ப்பு உண்டு. உண்மையை எழுதியிருந்தால் இதோடு முடிந்திருக்கலாம். இப்போது ‘இ’ பிரிவும் சேர்ந்துகொண்டது. அதிலும் ஒரு வழி இருக்கிறது: ஆதாரத்தை அவர்கள் எடுத்துக் காட்டுவதற்கு முன், நீங்களாகவே, தாமதிக்காமல் திருத்த வேண்டும். அதிகாரி கைது அறிக்கையை மேசையில் வைத்த பிறகு சொன்னால் அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும். நண்பர் சொன்னார் என்பதும் பெரிதாக உதவாது; வழக்கறிஞரோ, இதில் ஆலோசனை சொல்லும் பொறுப்பில் உள்ளவரோ தவறாக வழிகாட்டியிருந்தால்தான் விதி அதைக் கணக்கில் எடுக்கும்.

குடிக்கும் அளவையும் குறைத்துச் சொல்லாதீர்கள். மருத்துவரிடம் ஒரு கணக்கு, அதிகாரியிடம் ஒரு கணக்கு என்றால் அது உங்கள் இரண்டாவது பொய்யாகிவிடும். இப்போதும் அதிகம் குடிக்கிறீர்கள் என்றால் இந்த வாரமே ஆலோசகரைப் பாருங்கள், கிளியரன்ஸுக்காக மட்டுமல்ல.

மனைவியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வீட்டில் மறைத்த விஷயத்தை வைத்து யாரும் உங்களை மிரட்ட முடியும் என்பதையும் ‘இ’ பிரிவு தனியாகக் கவனிக்கிறது. அந்தப் பேச்சு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். என் அறையில் அழுதுகொண்டு உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் அதிகாரியிடம் பேசும் முன், கிளியரன்ஸ் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர் ஒருவரைக் கட்டாயம் பாருங்கள். தெரிந்தே அரசிடம் பொய் சொல்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் 18-ஆம் தலைப்பு 1001-ஆம் பிரிவில் 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம். நீங்கள் கேட்காத ஒன்றும் இருக்கிறது. குடியுரிமைக்கான என்-400 படிவமும் எப்போதாவது கைதானீர்களா என்று கேட்கும். அங்கே என்ன எழுதினீர்கள்? அங்கேயும் மறைத்திருந்தால் வேலையோடு குடியுரிமைக்கும் ஆபத்து வரலாம், திருத்தும் முறையும் மாறும். அதற்கான பதிலை எனக்குக் கடிதத்தில் எழுத வேண்டாம். அந்த வழக்கறிஞரிடம் நேரில் சொல்லுங்கள்.