டகோட்டாவின் முழக்கம்

கேள்வி: சிறுவயதில் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கிய டகோட்டா விமானத்தின் ஓசை இன்றும் என் காதில் நிற்கிறது. பின்னர் வந்த அவ்ரோ விமானத்தின் ஓசை ஏன் அப்படி இருக்கவில்லை?
— வாசகர், வசாவிளான்

பதில்: இரண்டும் உந்துவிசிறியால் பறந்தவை என்றாலும் இயந்திரங்கள் வேறு. 1947 டிசெம்பரில் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை (பலாலி) வழியாகச் சென்னைக்குச் சேவையைத் தொடங்கிய எயர் சிலோன் விமான நிறுவனத்தின் டகோட்டாவில், வட்டமாக அமைந்த தலா 14 உருளைகளைக் கொண்ட பிஸ்டன் இயந்திரங்கள் இரண்டு இருந்தன. ஒவ்வோர் உருளையிலும் எரிபொருள் தனித்தனியே வெடித்ததாலும், இரு இயந்திரங்களின் சுழற்சி சற்றே பிசகியபோது ஓசையலைகள் ஒன்றோடொன்று கலந்து ஏறி இறங்கியதாலும், வெங்காயத் தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரையும் நிமிர்ந்து பார்க்கவைத்த அந்த விம்மும் முழக்கம் பிறந்தது. அவ்ரோ 748 இன் றோல்ஸ் றொய்ஸ் டார்ட் விசையாழி (டர்பைன்) இயந்திரத்திலோ எரிதல் இடைவிடாது நிகழ்வதால், கேட்டது கூரிய சீழ்க்கையொலியே. எனக்கும் டகோட்டாவின் ஓசையே நெருக்கமானது. அது எங்கள் வீட்டுக் கூரை ஓடுகளிலும் அதிர்ந்தது.