ஆலைக்குள் போக ஒரு டிப்ளோமா: சுங்கை சிப்புட் தாயார் ஒருவருக்கு

அம்மா, எஸ்.பி.எம். (மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு) எழுதிய மகன் இயந்திரப் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கக் கேட்கிறான். அது பொறியியலைவிட மட்டம் என்று உறவினர்கள் கிளப்பிவிட்டதால் தயங்குகிறீர்கள். மட்டமில்லை. ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு. பொறியியல் பட்டதாரிகள் பொறியாளர் வாரியத்தில் பதிகிறார்கள். தொழில்நுட்பப் பட்டதாரிகளுக்கு 2015 சட்டத்தின்படி தனி வாரியம் இருக்கிறது. பெயருக்கு முன் தொழில்முறைப் பொறியாளர் என்பதைக் காட்டும் 'ஐ.ஆர்.' பட்டத்தைப் போட்டுக்கொள்வதுதான் மகனின் ஆசையென்றால், பட்டப்படிப்பில் பொறியியலையே எடுக்க வேண்டும். டிப்ளோமா முடித்த பிறகும் அதை முடிவு செய்யலாம். இப்போதே சண்டை வேண்டாம்.

என்ன படிப்பான் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கணவர் வேலை செய்யும் செம்பனை ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். குலைகளை நீராவியில் வேகவைக்கிறார்கள். திருகு அழுத்தி எண்ணெயைப் பிழிகிறது. மிஞ்சிய நாரும் கொட்டை ஓடுகளும் கொதிகலனில் எரிகின்றன. அதில் உண்டாகும் நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, திரும்பவும் குலையை வேகவைக்கப் போகிறது. வெப்பவியல், பாய்மவியல், உலோகத் தேய்மானம் எல்லாம் அந்த ஒரு கூரைக்குள் இருக்கின்றன. பெரிய கொதிகலன் ஓடும் ஆலையில் தகுதிச் சான்றிதழ் பெற்ற நீராவிப் பொறியாளர் இருந்தாக வேண்டும். ஆலை அனுபவத்தோடு தேர்வெழுதித்தான் அந்தச் சான்றிதழைப் பெற முடியும். ஆகவே தொழிற்பயிற்சிக்கு ஆலைக்கே போகச் சொல்லுங்கள். குளிரூட்டிய அலுவலகத்தில் நகலெடுத்துக் கொடுத்துவிட்டு வரும் பயிற்சியால் பயனில்லை.

கல்லூரி விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969 முதல் பக்கத்து ஈப்போவிலேயே இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கில் கல்விக் கட்டணம் செமஸ்டருக்கு 200 ரிங்கிட் அளவில்தான் வரும். தனியார் கல்லூரி முகவர் வீட்டுக்கு வந்து, "கடனுதவி கிடைக்கும், கவலைப்படாதீர்கள்" என்பார். அவர் சொல்லும் பி.டி.பி.டி.என். (தேசிய உயர்கல்வி நிதி) பணம் கடன்தான், அதை மகன்தான் திருப்பிக் கட்ட வேண்டும். அவர் சொல்லும் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கணிதத்தில் கிரெடிட் வந்தாலும் அதன் கடைசித் தரமான சி-யில் நின்றால் முதல் செமஸ்டர் சிரமம்தான். முடிவு வரும்வரை பகுதிநேர வேலைக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். இரவில் ஒரு மணி நேரம் முக்கோணவியலும் இயற்கணிதமும் போட்டுப் பார்க்கட்டும். முடிவு வந்ததும் மதிப்பெண் தாளோடு அவனையும் அழைத்து வாருங்கள். விண்ணப்பத்தில் எந்தப் படிப்பை முதலில் போடுவது என்று அவன் எதிரிலேயே பேசுவோம்.