ஆஃபர் லெட்டரில் வரும் 'கன்டின்ஜென்ட் அப்பான்'

ஆஃபர் லெட்டரில் 'கன்டின்ஜென்ட் அப்பான்' என்று இருந்தால், வேலை இன்னும் உறுதியாகவில்லை. 'திஸ் ஆஃபர் இஸ் கன்டின்ஜென்ட் அப்பான் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்' என்றால், சரிபார்ப்பில் தேறினால்தான் இந்த வேலை என்று பொருள். நிபந்தனைக்கு உட்பட்டது.

இந்தச் சொல் உங்களைக் குழப்பியிருந்தால், காரணம் அகராதியாக இருக்கும். 'தற்செயலான' என்றும் ஒரு பொருள் போட்டிருப்பார்கள். தத்துவப் புத்தகத்தில் அது சரி, ஆஃபர் லெட்டரில் பொருந்தாது. 'போலீஸ் கன்டின்ஜென்ட்' என்று செய்தியில் வருவது பெயர்ச்சொல், படைப்பிரிவு. அதையும் இதோடு சேர்க்க வேண்டாம்.

சந்தேகம் வந்தால் பின்னால் 'ஆன்' அல்லது 'அப்பான்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த இடத்தில் 'டிபெண்டன்ட்' என்று போட்டுப் படியுங்கள். வாக்கியம் பொருந்தி வந்தால், 'பொறுத்தது' என்ற பொருள்தான். பதில் மெயிலில் நீங்கள் எழுதும்போது 'கன்டின்ஜென்ட் டு' என்று எழுதிவிடாதீர்கள். 'டு' வேண்டுமென்றால் 'சப்ஜெக்ட் டு' இருக்கிறது, ஆபீஸ் மெயிலுக்கு அதுவே இயல்பு.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'ஆன்' இருக்காது. பேலன்ஸ் ஷீட்டில் வரும் 'கன்டின்ஜென்ட் லையபிலிட்டி' அப்படித்தான்: வழக்கில் தோற்றால் மட்டும் கட்ட வேண்டிய தொகை மாதிரி.

இந்தச் சொல்லுக்குச் சட்டத்திலும் எடை உண்டு. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 32: நடக்குமா நடக்காதா என்று தெரியாத ஒன்றைச் சார்ந்த ஒப்பந்தத்தை, அது நடக்கும்வரை சட்டப்படி வலியுறுத்த முடியாது. அதனால் வெரிஃபிகேஷன் முடிந்ததாக எழுத்தில் வரும்வரை பழைய வேலையை விடாதீர்கள். நோட்டீஸ் காலம் இடித்தால், சேரும் தேதியைத் தள்ளிக் கேளுங்கள்.