பிராகுக்கு ஒரு வார இறுதி: போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். அக்டோபரில் ஜெர்மனியின் ட்ரெஸ்டனுக்குப் படிக்க வந்திருக்கிறீர்கள். கூடப் படிக்கும் ஐந்து பேர் டிசம்பரில் ஒரு வார இறுதிக்குப் பக்கத்து நாடான செக் குடியரசின் தலைநகர் பிராக் போகிறார்கள், உங்களையும் கூப்பிடுகிறார்கள். விசா இன்னும் குடியிருப்புக் கார்டாக மாறவில்லை. அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கும்போது ஊர் சுற்றுவது சரியா என்றும் மனசு அடித்துக்கொள்கிறது.

போங்கள். ஆனால் முதலில் பாஸ்போர்ட்டை எடுத்து, அதில் ஒட்டியிருக்கும் விசாவின் கடைசித் தேதியைப் பாருங்கள். ஜெர்மனி கொடுத்த டி வகை விசா, அதாவது நீண்ட காலம் தங்குவதற்கான விசா, செல்லுபடியாகும் வரை, எல்லைகளைப் பொதுவாகத் திறந்துவைக்க ஒப்பந்தம் செய்த மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். செக் குடியரசும் ஷெங்கன்தான். பயணத் தேதிக்கு முன்பே விசா முடிந்துவிடுகிறது, கார்டு கைக்கு வரவில்லை, வெளிநாட்டினர் அலுவலகம் இடைக்காலத்துக்கு ஒரு காகிதம் கொடுத்திருக்கிறது என்றால் கதையே வேறு. ஃபிக்சியோன்ஸ்பெஷைனிகுங் என்கிற அந்தக் காகிதத்தில் சில வகைகள் உண்டு. ஒரு வகையை வைத்துக்கொண்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர உரிமை கிடையாது. அதனால் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்காமல் எல்லையைத் தாண்டாதீர்கள். "யாரும் பார்க்கமாட்டார்கள்" என்று நண்பர்கள் சொல்வார்கள். 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே இந்தத் தடத்தில் ரயிலில் ஏறிப் பார்ப்பார்கள்.

நான் வந்தது 2012இல், இதே ட்ரெஸ்டனுக்கு. அடுத்த வருடம் நாங்கள் நான்கு பேர் பிராக் போனோம். எங்களில் ஒருவன் பாஸ்போர்ட் தொலைந்துவிடும் என்று பயந்து அதை அறையிலேயே வைத்துவிட்டு, புதிதாக வந்திருந்த குடியிருப்புக் கார்டை மட்டும் எடுத்து வந்தான். போகும்போது யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது எல்லை தாண்டியதும் போலீஸ் ஏறியது. அந்தக் கார்டு பாஸ்போர்ட்டோடு சேர்ந்தால்தான் பயணத்துக்குச் செல்லும். ஜெர்மன் பக்கத்து எல்லை ஊரான பாட் ஷாண்டாவில் அவனை இறக்கினார்கள், அவனைத் தனியே விடமுடியாமல் நாங்களும் இறங்கினோம். அவனுடைய அறைத்தோழன் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு எஸ்1 என்கிற உள்ளூர் ரயிலில் வந்து சேரும்வரை குளிரில் நின்றோம். போலீஸ்காரர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அவன் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கிளம்பும்போது ஆறு பேரின் பாஸ்போர்ட்டையும் வாசலில் வைத்தே கண்ணால் பார்த்துவிடுங்கள். தங்கும் விடுதியிலும் அதைத்தான் கேட்பார்கள்.

சரி, பணம். விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு, மாதாமாதம் ஓர் அளவு மட்டும் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது என்றால், வாடகையும் காப்பீடும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதனால் கிளம்பும் முன்பே ஆறு பேரும் உட்கார்ந்து, தலைக்கு இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வாய்விட்டுப் பேசிவிடுங்கள். நட்பு கெடுவது பெரிய சண்டையில் இல்லை, "நீ கொடு, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடும் சின்னச் சின்னக் கணக்குகளில்தான். நாங்கள் ஒரு பொதுப் பர்ஸ் வைத்தோம். எல்லோரும் சமமாகப் போட்டு, ரயில் டிக்கெட் தவிர மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து கொடுத்தோம். கையில் குறைவாக இருப்பவர் அதை முதலிலேயே சொல்லத் தயங்கவேண்டாம். எங்களில் அது நான்தான். நான் சொன்ன பிறகுதான் இன்னொருத்தியும் தனக்கும் அதே நிலைமை என்றாள்.

அங்கே யூரோ இல்லை, கொருனா. ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய 25. பெரும்பாலான இடங்களில் கார்டு போதும். ஏடிஎம் "யூரோவில் கணக்கிடட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று கொருனாவையே தேர்ந்தெடுங்கள். பழைய நகரச் சதுக்கத்தின் பக்கம் "கமிஷன் இல்லை" என்று பலகை வைத்திருக்கும் பணமாற்றுக் கடைகளில் கமிஷனை மாற்று விலைக்குள்ளேயே ஒளித்துவைப்பார்கள். ஏமாந்துவிட்டால் ரசீதோடு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிப் போங்கள். 1000 யூரோ வரையிலான மாற்றத்தை ரத்து செய்ய 2019 முதல் அங்கே சட்டம் இருக்கிறது.

இன்னொன்று, நம் மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். இங்கே மாணவர்களுக்கான செமஸ்டர் முழுவதற்குமான பயணச்சீட்டு, செமஸ்டர் டிக்கெட், இருப்பதால் டிக்கெட்டில் முத்திரை குத்தும் பழக்கமே நமக்கு வராது. பிராகில் காகித டிக்கெட் வாங்கினால் மெட்ரோவுக்கு இறங்கும் முன்பே குத்தவேண்டும். வாங்கினேனே என்று காட்டினால் விடமாட்டார்கள், அபராதம்தான்.

இப்போது அந்த மனசு அடித்துக்கொள்ளும் விஷயம். முதல் வருடம் இரண்டு முறை கூப்பிட்டார்கள், இரண்டு முறையும் படிப்பைச் சொல்லி மறுத்தேன். அந்தச் சனி ஞாயிறுகளில் நான் படிக்கவும் இல்லை. நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும் ஊரில், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறை என்னைக் கூப்பிடவே இல்லை. அது வலித்தது, நானே போய், நானும் வரட்டுமா என்று கேட்டுத்தான் அந்தப் பயணத்தில் சேர்ந்தேன். அன்று ரயில் நிலையத்தில் என்னோடு நின்றவர்கள்தான் பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தபோது கதவைத் தட்டினார்கள். உங்கள் அப்பா வாங்கிய கடனில் நீங்கள் திடமாக இருந்து படித்து முடிப்பதும் அடங்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் வீட்டில் மறைக்காதீர்கள். நான் மறைத்தேன். படங்களை அம்மா கண்ணில் படாமல் போட்டேன், சித்தி மகள் காட்டிக்கொடுத்துவிட்டாள். அம்மா செலவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "என்கிட்ட சொன்னா வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை. டிக்கெட் போட்ட அன்றே அப்பாவிடம் இவ்வளவு ஆகும், இந்தப் பணத்தில் போகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

ஜனவரித் தேர்வுக்குப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், திறக்கமாட்டீர்கள். வெள்ளிக்கிழமை வரை படித்துவிட்டு, ஞாயிறு மதிய ரயிலில் திரும்புங்கள். மாலை ரயில்களில் நிற்க இடம் இருக்காது, திங்கள் காலை வகுப்பும் போய்விடும்.

டிசம்பரில் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டம் நெரியும். ஒரு நாளாவது விடியும் முன் எழுந்து சார்லஸ் பாலத்துக்கு நடந்து போங்கள். 1357இல் கட்டத் தொடங்கிய பாலம் அது. பகலில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. அந்த நேரத்தில் சிலைகளும் ஆற்றுப் பனியும் நீங்களும் மட்டும்தான், காசும் கிடையாது.

போகும்போது ரயிலில் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரெஸ்டன் தாண்டியதிலிருந்து எல்பே ஆறும் மணற்கல் பாறைகளும் அந்தப் பக்கம்தான் வரும்.