பணிக்கோப்பு கிடைக்கவில்லையா? பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் ஆங்கிலேயர். அவருடைய கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பிரான்ஸில் இருந்தவர், உயிரோடு திரும்பியவர். இரண்டு பதக்கங்கள் வீட்டில் இருக்கின்றன. ராணுவப் பணிக்கோப்பு எங்கே தேடியும் வரவில்லை. இரண்டாம் போரின்போது குடும்பம் எங்கே வசித்தது என்பதும் தெரியவில்லை. என்ன செய்யலாம்?
- வாசகி, லெஸ்டர்

பதில்: உங்கள் தேடலில் குறை இல்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானங்கள் போட்ட குண்டில் லண்டன் ஆர்ன்சைட் தெருவில் இருந்த போர் அலுவலகக் கிடங்கு எரிந்தது. முதல் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் அன்றே போய்விட்டன. அதனால் கோப்பைத் தேடுவதை விட்டுவிட்டு, கையில் இருக்கும் பதக்கங்களை எடுங்கள்.

வட்டப் பதக்கம் என்றால் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். படை எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் நான்கும் பொறித்திருக்கும். வெள்ளியில் ஒன்று, வெண்கல நிறத்தில் ஒன்று, நட்சத்திர வடிவப் பதக்கம் இல்லை என்றால், அவர் போர்முனைக்குப் போனது பெரும்பாலும் 1916 அல்லது அதற்குப் பிறகு. (நட்சத்திரம் தொலைந்திருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.) அந்த எண்ணை வைத்துக்கொண்டு, லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டைகளைத் தேடுங்கள். வெளிநாட்டில் பணியாற்றிய ஏறக்குறைய எல்லோருக்கும் அட்டை இருக்கிறது. அதில் உள்ள குறியீடு பதக்கப் பட்டியலுக்குக் கொண்டுபோகும். காலாட்படை என்றால் ரெஜிமென்டுக்குள் அவர் இருந்த பட்டாலியன் (படைப்பிரிவு) எது என்பது பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். பட்டாலியன் தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பைப் படிக்கலாம். சிப்பாய்களின் பெயர் அதில் அபூர்வம். ஆனால் எந்த நாளில் எந்தப் பதுங்குகுழியில் இருந்தார்கள், எப்போது ஓய்வுக்குப் பின்வாங்கினார்கள் என்று நாள்வாரியாக இருக்கும். எனக்கு இதைவிடப் பிடித்த ஆவணம் வேறில்லை.

ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள் வந்தால் குழம்ப வேண்டாம். 1917இல் டெரிட்டோரியல் படையினருக்கு (பகுதிநேரத் தொண்டர் படை) புதிதாக ஆறு இலக்க எண் கொடுத்தார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேட வேண்டாம், அது போரில் இறந்தவர்களுக்கு.

சரி, இரண்டாவது கேள்வி. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1942இல் தீயில் அழிந்தது, 1941இல் எடுக்கவே இல்லை. இங்கிலாந்து, வேல்ஸுக்கு மிஞ்சியது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடுதான். வீட்டு முகவரி, பிறந்த தேதி, தொழில் எல்லாம் இருக்கும். ஓரத்தில் வான்தாக்குதல் காவலர் போன்ற தொண்டுப் பணியும் சில சமயம் எழுதியிருப்பார்கள். பின்னாளில் தேசிய சுகாதாரச் சேவையும் இதையே பயன்படுத்தியதால், அதன்பின் கல்யாணமான பெண்களின் புதுக் குடும்பப்பெயரைப் பழைய பெயருக்கு மேலே எழுதிவைத்திருக்கிறார்கள். அத்தைமார்களைக் கண்டுபிடிக்க இது பெரிய உதவி. கறுப்பாக மூடிய வரிகள் பெரும்பாலும் குழந்தைகள். பிறந்து நூறு ஆண்டு ஆகாதவர்களை, இறப்பு உறுதியானால்தான் திறப்பார்கள்.

மகன்கள் யாராவது இரண்டாம் போரில் படையில் இருந்திருந்தால், 1939 பதிவேட்டில் கிடைக்கும் பிறந்த தேதியைக் குறித்து வையுங்கள். பாதுகாப்பு அமைச்சகத்திடம் இருந்த அவர்களின் பணிக்கோப்புகள் 2022 முதல் கியூவுக்கு மாறிவருகின்றன. விண்ணப்பிக்கும்போது சரியான ஆளைப் பிரித்தறிய அந்தத் தேதிதான் உதவும். இறப்புச் சான்றிதழின் நகலையும் தயாராக வைத்திருங்கள்.