பச்சைக் கொடி: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்)

கேள்வி: ரிட்டயரான பிறகு காலைப் பொழுதை எப்படிக் கழிக்கிறீர்கள்? (வாசகர், விருதுநகர்)

பதில்: பால் வாங்கி வருவேன். முருங்கைக்கீரை ஆய்வேன். கீரை விஷயத்தில் இன்னும் புரொபேஷன்தான். காம்பு கிடக்கிறது என்று அடுக்களையிலிருந்து தினமும் மெமோ வருகிறது.

கேள்வி: வாழ்நாள் முழுக்க ரயிலோடு கிடந்தவர், இப்போதும் ரயிலிலேயே சுற்றுகிறீர்களே. அலுக்கவில்லையா? (வாசகி, தென்காசி)

பதில்: அலுக்க நான் எங்கே போனேன் அம்மா? 34 வருஷம் மற்றவர்களை அனுப்பி வைத்தவன். பாஸ் இருந்தது, லீவு இல்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்தையே சொல்கிறேன். போன ஆடியில் நானும் வீட்டுக்காரியும் செங்கோட்டையில் ஏறிப் புனலூர் போனோம். 1904-இல் திறந்த அந்த மலைப்பாதை மீட்டர் கேஜாக இருந்தபோதுதான் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். சின்ன ஸ்டேஷன், கொல்லம் மெயில் நிற்காது. அடுத்த ஸ்டேஷன்காரர் மணியடித்துச் சம்மதித்தால்தான் கருவியிலிருந்து டோக்கன் வெளியே வரும்; அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த ஸ்டேஷனுக்கு வண்டியை ஓட்டக்கூடாது. கைக்குள் அடங்கும் இரும்புக் குண்டு. அதைத் தோல் பையில் போட்டு, பையோடு சேர்ந்த பிரம்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒரு கை நீண்டு வாங்கிக்கொள்ளும். ஒரு மழை ராத்திரி வளையம் நழுவி, மெயில் நின்று, நானும் பாயிண்ட்ஸ்மேனும் லாந்தரோடு ஜல்லிக்குள் துழாவினோம். அப்புறம் என்ன, விளக்கம் கேட்டுக் கடிதம்.

2018 முதல் அங்கே பிராட் கேஜ் வண்டிதான் முழுதாக ஓடுகிறது. குண்டு இல்லை, வளையம் இல்லை. குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கத்துவது மட்டும் மாறவில்லை. பதிமூன்று கண் பாலத்தின் மேல் போகும்போது பாலம் தெரியாது; ரோட்டில் நின்றால்தான் அழகு. அதற்காகவே பஸ்ஸில் திரும்பினோம்.

போகிற வழியில் ஒரு ஸ்டேஷனைத் தாண்டும்போது என் வலது கை தானாக ஜன்னல் பக்கம் எழுந்துவிட்டது. "யாருக்குக் கை காட்டுறீங்க?" என்றாள். தோள் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவிட்டேன்.

கேள்வி: மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை திரும்ப வருமா? (வாசகர், மதுரை)

பதில்: ஆண்களுக்கு 60 வயதில் 40 சதவீதம், பெண்களுக்கு 58 வயதில் 50 சதவீதம் என்று இருந்தது. 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். வருமா என்று சொல்ல நான் அவ்வளவு பெரிய அதிகாரி இல்லை. கீழ் பெர்த்துக்குத் தனிக் கோட்டா இருக்கிறது. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான். தெரிந்திருந்தும் பேரனை எங்கள் டிக்கெட்டிலேயே சேர்த்துப் பதிந்தேன். எனக்கு அப்பர் பெர்த், அவனுக்கு லோயர். மாற்றிக்கொள்ளலாமா என்றதற்கு, ஜன்னல் வேண்டுமாம் அவனுக்கு. ஏறினேன்.