காலை ஆறரைக்குக் கோவையில் நல்ல டிபன் எங்கே கிடைக்கும்?

கேள்வி: வாரந்தோறும் வியாழக்கிழமை என் அப்பாவைக் கண் சிகிச்சைக்காகக் கோபிசெட்டிபாளையத்திலிருந்து கோவைக்கு அழைத்து வருகிறேன். காலை ஆறரை மணிக்குக் காந்திபுரத்தில் இறங்கிவிடுவோம். மருத்துவமனையில் ஒன்பது மணிக்குத்தான் பார்ப்பார்கள். கைப்பேசியில் நாலரை நட்சத்திரம் வாங்கிய கடைகளாகப் பார்த்து இரண்டு முறை சாப்பிடப் போனோம். ஒன்றில் இட்லி ஆறிக் கிடந்தது. மற்றொன்றில் தேங்காய்ச் சட்னி புளித்திருந்தது, அங்கே இருவருக்கும் சேர்த்து 340 ரூபாய் ஆனது. எழுபத்திரண்டு வயதுக்காரருக்கு ஒத்துக்கொள்ளும் டிபனை இவ்வளவு பெரிய ஊரில் எப்படித் தேடுவது?
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தச் சட்னிதான். காலை ஆறரை ஏழு மணிக்கே தேங்காய்ச் சட்னி புளித்திருக்கிறது என்றால், தயிர் சேர்க்கும் வழக்கம் அந்தக் கடைக்கு இல்லாதவரை, அது முந்தைய நாள் மிஞ்சியது என்றே கொள்ள வேண்டும். விடியற்காலையில் அரைத்த சட்னி அதற்குள் அப்படி ஆகாது. பொள்ளாச்சித் தேங்காய் பக்கத்திலேயே விளையும் ஊரில், வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கிய ஊரில், பழைய சட்னியை ஊற்றுவதற்கு ஒரு கடைக்காரர் என்ன காரணம் சொல்ல முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

நட்சத்திரத்தை நம்பி நீங்கள் ஏமாந்ததில் வியப்பில்லை. நாலரை என்பது பல ஆண்டுகளாகச் சேர்ந்த மதிப்பெண்களின் சராசரி. அதில் இரவு பரோட்டாவுக்குக் கிடைத்ததும் இருக்கும், கார் நிறுத்த இடம் இருந்ததற்குக் கிடைத்ததும் இருக்கும், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேலையை விட்டுப் போய்விட்ட மாஸ்டரின் கைப்பக்குவத்துக்குக் கிடைத்ததும் இருக்கும். இணைய விமர்சனங்களை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்பதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தர வரையறையை வெளியிட்டது. ஆனால் அது விரும்பினால் பின்பற்றலாம் என்ற அளவில் வந்ததே தவிரக் கட்டாயமாக வரவில்லை. ஆகவே நட்சத்திரத்தை விட்டுவிட்டு, விமர்சனங்களைப் புதியது முதலில் வரும்படி அடுக்கி, ‘இட்லி’, ‘சட்னி’ என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கடைசி மூன்று மாதங்களில் காலை உணவைப் பற்றி நான்கு பேர் எழுதியிருந்தால், ஆயிரம் பேருடைய சராசரியைவிட அது உங்களுக்குப் பயன்படும்.

ஆனாலும் கடைக்குள் நுழைந்த பிறகு நீங்கள் கண்ணால் பார்ப்பதுதான் தீர்மானிக்கும். காலை உணவில் தரம் என்பது பெரும்பாலும் எத்தனை நிமிடங்களுக்கு முன்பு இறக்கியது என்பதிலேயே இருக்கிறது. ஓர் ஈடு இட்லி வேகப் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் ஆகும். கூட்டம் ஓரளவு இருக்கும் கடையில் ஓர் ஈடு தீர்வதற்குள் அடுத்த ஈடு இறங்கிவிடும். கூட்டமில்லாத கடையில் அது பாத்திரத்தில் கிடந்து, மேலே ஆறியும் அடியில் நீர் கோத்தும் போகும். அதனால் உட்கார்ந்ததும் சப்ளையரிடம், “அடுத்த ஈடு எப்பங்க வரும்?” என்று கேளுங்கள். நல்ல கடையில் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. “அஞ்சு நிமிசம் இருங்க, சுடச்சுடத் தரேனுங்க” என்று சொல்லிவிட்டு முதலில் காப்பியைக் கொண்டு வந்து வைப்பார்கள்.

புதிய கடையில் முதல் முறை நெய் ரோஸ்ட் சொல்லாதீர்கள். காய்ந்த கல்லும் நெய்யும் சேர்ந்தால் மாவின் குற்றம் எல்லாம் மறைந்துவிடும். நேற்றைய மாவு கொஞ்சம் புளித்திருந்தாலும் தோசையில் அது மொறுமொறுப்பாகவே தெரியும். இட்லியில் எதையும் மறைக்க முடியாது. இரண்டு இட்லி மட்டும் வாங்கி, சாம்பாரைத் தொடுவதற்கு முன்பு ஒரு விள்ளலை வெறும் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் தேறினால் மற்றதைச் சொல்லலாம். தேறாவிட்டால் காப்பியோடு எழுந்துவிடலாம். நாற்பது ஐம்பது ரூபாயோடு போகும். வடையைப் பொறுத்தவரை எண்ணெயைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உருவாகும் துருவச் சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. அதை அளக்கும் கருவி நம் கையில் இருக்காது என்றாலும், எண்ணெய் கறுத்து, மேலே நுரை தள்ளி, காறல் வாடை அடித்தால் வடை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

அடுத்தது இடம். பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைகள் எல்லாம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்று சாப்பிட்டவர் நாளை திரும்பி வரமாட்டார் என்பது அங்குள்ள கடைக்காரருக்குத் தெரியும். வாடிக்கையாளர் நாள்தோறும் வரும் கடையில் சட்னி கெட்டால் மறுநாள் பாதி மேசை காலியாகும். அதனால் காந்திபுரத்தில் இறங்கினால் பிரதான சாலையை விட்டு, கிராஸ்கட் ரோட்டுக்குப் பின்னால் எண் போட்ட வீதிகளுக்குள் ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். உங்களுக்கு நேரம் இருக்கிறது என்பதால், டவுன் பஸ் ஏறி ஆர்.எஸ்.புரம் உழவர் சந்தை, பூ மார்க்கெட் பக்கமும் போகலாம். அங்கே விடியும் முன்பே வேலையைத் தொடங்கியவர்கள் ஆறு மணிக்கெல்லாம் பசியோடு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறரைக்கு அங்கே இரண்டாவது மூன்றாவது ஈடு ஓடிக்கொண்டிருக்கும். ஆட்டோக்காரரிடம் நல்ல ஓட்டல் எது என்று கேட்டால், வெளியூர்க்காரருக்கு ஏற்றது என்று அவர் நினைக்கும் பெரிய கட்டடத்தைக் காட்டுவார். “நீங்க காலைல எங்கீங்க சாப்புடுவீங்க?” என்று கேட்டால் கிடைக்கும் பதில் வேறாக இருக்கும். அவர் சொல்லும் இடத்தில் இலையில்தான் பரிமாறுவார்கள், ஏ.சி. இருக்காது, அப்பா கை கழுவ இரண்டு படி இறங்க வேண்டியிருக்கும். அதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கண் மருந்து விட்டிருக்கும் பெரியவருக்குச் சாம்பாரைவிடப் படி முக்கியம்.

அலைய முடியாத நாளில் பல கிளைகள் உள்ள பெயர் பெற்ற சைவ ஓட்டலுக்குப் போவதில் தவறில்லை. அன்னபூர்ணாவின் சாம்பாரைக் கோவைக்கு வெளியிலும் அறிவார்கள். இத்தகைய கடைகளில் கூடுதலாகக் கொடுக்கும் பணம், போன வாரம் இருந்த ருசி இந்த வாரமும் இருக்கும் என்ற உறுதிக்காகக் கொடுப்பது.

அப்பாவுக்குப் பல் தொந்தரவும் இருந்தால், கொங்குப் பக்கத்து அரிசிச் சேவையான சந்தகை கிடைக்குமா என்று விசாரியுங்கள். அரிசியை ஊறவைத்து, அரைத்து, வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டிய வேலை என்பதால் பெரிய ஓட்டல்கள் அதில் இறங்குவது குறைவு. நான் அறிந்த சில வீட்டுச் சமையல் மெஸ்களில் குறிப்பிட்ட நாளில் மட்டும், தேங்காய்ப் பாலோடு தருகிறார்கள். முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: கோவையில் காலை உணவு முடித்த பின் வந்த பில்லில் ஜிஎஸ்டி தவிர ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு தொகையும், பார்சலுக்குத் தனியாக ஒரு தொகையும் இருந்தன. ஏ.சி. அறையில் உட்கார்ந்ததால் வரி கூடும் என்றும் சொன்னார்கள். இவை சரியா?
— வாசகர், திருப்பூர்

பதில்: மூன்றும் வெவ்வேறு. ஏ.சி. அறைக்கு வரி கூடும் என்பது பழைய கதை. 2017 நவம்பர் 15-க்கு முன்பு ஏ.சி. உள்ள ஓட்டலுக்கு 18 விழுக்காடும் இல்லாததற்கு 12 விழுக்காடும் இருந்தன; அதற்குப் பிறகு, அறை வாடகை மிக அதிகமான நட்சத்திர விடுதிகளில் உள்ளவை நீங்கலாக, சாதாரண ஓட்டல்களில் இரண்டுக்கும் 5 விழுக்காடுதான். ஏ.சி. அறையில் இட்லியின் விலையைக் கூட்டி வைப்பது கடைக்காரரின் விருப்பம். அதை வரி என்று சொல்வது பொய். ஜிஎஸ்டி வாங்கும் பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். விற்பனையில் ஒரு சிறு விழுக்காட்டைத் தாங்களே வரியாகக் கட்டிவிடும் இணக்க வரித் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்த சிறு கடைகள் உங்களிடம் வரியைத் தனியாக வாங்கவே முடியாது.

சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எனவே நீக்கித் தரும்படி கேளுங்கள். மறுத்தால் பில்லைப் படம் எடுத்துக்கொண்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். சாப்பாடே கெட்டிருந்தால் அது உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டிய புகார். 2022 ஜனவரி முதல் பில்லில் 14 இலக்க உரிம எண் அச்சிடப்பட வேண்டும் என்பதால், அந்த எண்ணைக் குறித்து அனுப்பினால் கடையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது.

பார்சல் கட்டணம் விலைப்பலகையில் முன்கூட்டியே எழுதியிருந்தால் தகராறு செய்வதில் பொருளில்லை. வீட்டிலிருந்து ஒரு தூக்குப்போசியைக் கொண்டுபோய் விடுங்கள். உணவைக் கட்டும் பிளாஸ்டிக் தாளை 2019 ஜனவரி முதல் தமிழகத்தில் தடை செய்தும், கொதிக்கும் சாம்பாரை இன்னும் பிளாஸ்டிக் பையில்தான் ஊற்றிக் கட்டுகிறார்கள்.

கேள்வி: உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாமா?
— வாசகர், பெருந்துறை

பதில்: வாங்கலாம். உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் அப்படித்தான் தீர்ப்பளித்தது. மேசையில் இருக்கும் ஜக்குத் தண்ணீரையோ, கேட்டால் தரும் சுடுதண்ணீரையோ குடித்தால் அந்தக் காசு மிச்சம்.